பெண்ணுக்குப் பெண்

மணிமகேஷ் ஏரிக்குப் போகிற வழியில் யாரும் யாரோடும் சண்டை பிடிக்கக்கூடாது என்பார்கள் எங்கள் பக்கத்தில். மேலே இருக்கிற சிவன் காதில் விழுந்தால் வேண்டுதல் பலிக்காதாம். ஜர்மோ அண்ணி அந்த வருடம் ஹட்சர் பாலத்தைத் தாண்டுவதற்குள் மூன்று பேரோடு சண்டை போட்டு முடித்திருந்தாள். ஒன்று டீக்கடைக்காரன். இரண்டு என் கோவேறு கழுதை. மூன்றாவது நான்.

"ஏன் கொழுந்தனாரே, இந்தக் கழுதை நடக்குமா, இல்ல அதையும் நாங்களே தூக்கிட்டுப் போகணுமா?"

"மூட்டையப் பாத்துப் பேசு அண்ணி. நாலு நாள் யாத்திரைக்கு நாலு மாசத்து மாவைக் கட்டியிருக்க."

"உன் வயித்தைப் பாத்துக் கட்டினேன்."

அவள் எனக்குச் சொந்த அண்ணி இல்லை. பக்கத்து வீடு. அவள் புருஷன் ஆட்டு மந்தையோடு போன இடத்தில் கல் சரிந்து செத்துப்போனான். நானும் அவனும் சின்ன வயதில் ஒரே கம்பளிக்குள் படுத்து வளர்ந்தவர்கள். அவன் போன பிறகு அந்த வீட்டுக்கு விறகு, உப்பு, மாவு எல்லாம் என் கழுதை முதுகில்தான் வந்தது. அதற்கு அவள் எனக்குக் கொடுத்த கூலி வசவு. சும்மா சொல்லக்கூடாது, வஞ்சனையில்லாமல் கொடுத்தாள்.

இப்போது ஹட்சர் வரைக்கும் பஸ் வருகிறது. கையில் காசிருந்தால் ஹெலிகாப்டரில் ஏறி, கௌரி குண்டத்துக்குப் பக்கத்திலேயே இறங்கிக் குளித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். வரட்டும், யார் வேண்டாம் என்றது? நான் சொல்கிறது பர்மோரிலிருந்தே நடந்த காலம். முதல் நாள் பர்மாணி அம்மன் குளத்தில் முழுக்குப் போட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, ஆற்றுச் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு ஏறுவோம். மழை பெய்யும், நிற்கும், மறுபடி பெய்யும். நனைந்த கம்பளியின் வாடையும், கழுதைச் சாண வாடையும், யாரோ எங்கோ சோள ரொட்டி சுடுகிற வாடையும் சேர்ந்து வரும். இன்றைக்கும் ஈரக் கம்பளியை யாராவது அடுப்போரம் விரித்தால் எனக்குக் கால் ஊறுகிறது, எழுந்து நடக்கணும் போல.

அந்த வருடம் என்னோடு மூன்று பெண்கள். ஜர்மோ அண்ணி. அவள் மகள் சன்னோ. மருமகள் பிந்திரோ. மகன் லேரூ மந்தையோடு மேலே இருந்தான், ஏரிக்கரைக்கு நேராக வந்துவிடுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தான். பார்க்கிறவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? குடும்பமாக நீராடப் போகிறார்கள் என்று. நாங்கள் போனது பிந்திரோவை அவள் அப்பனிடம் திருப்பிக் கொடுக்க.

கத்தி என்று சொல்கிற எங்கள் ஆட்டுக்கார சனத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சம்பந்தம் உண்டு. அந்த வீட்டுப் பெண் இங்கே, இந்த வீட்டுப் பெண் அங்கே. நாலு வருடத்துக்கு முன்னால் அதே ஏரிக்கரையில்தான் குக்டி ஊர் மங்னூவும் ஜர்மோ அண்ணியும் தண்ணீரைக் கையில் அள்ளி வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். மங்னூவின் மகள் பிந்திரோ லேரூவுக்கு. சன்னோ மங்னூவின் மகன் பூரணுக்கு. இந்தச் சம்பந்தத்தில் ஒரு சங்கடம். ஒரு பெண் கோபித்துக்கொண்டு தாய்வீடு வந்துவிட்டால், அந்தப் பக்கத்துப் பெண்ணும் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவள் புருஷனோடு எவ்வளவு சந்தோஷமாக இருந்தாலும் சரி.

சன்னோ வந்துவிட்டாள். அந்த வருடம் வைகாசியில், தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, குக்டியிலிருந்து ஒத்தையாக நடந்து வந்து வாசலில் நின்றாள். காரணம் ஒரு நாய்.

ஆட்டுக்குக் காவல் இருக்கிற நாய்க்குக் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை போடுவோம். சிறுத்தை முதலில் பிடிக்கிறது குரல்வளையை. பட்டை இருந்தால் நாய் தப்பிக்கும், நாய் இருந்தால் ஆடு தப்பிக்கும். பூரணின் நாய்க்குப் பட்டை உரசி உரசிக் கழுத்தில் புண்ணாகிச் சீழ் வைத்திருந்தது. சன்னோவுக்கு மனசு கேட்கவில்லை. பட்டையைக் கழற்றி, மஞ்சளும் நெய்யும் குழைத்துப் பூசி, ஒரு ராத்திரி காற்றாடட்டும் என்று விட்டாள். அந்த ஒரு ராத்திரிதான் சிறுத்தை வந்தது. நாயும் போயிற்று, ஏழு ஆடும் போயிற்று. காலையில் பூரண் கையில் கிடைத்ததை எடுத்து அடித்தான். கையில் கிடைத்தது அந்தப் பட்டை.

ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பக்கமும் கூடிப் பேசினார்கள். அடித்தது தப்பு, பட்டையைக் கழற்றியதும் தப்பு என்றார்கள். தராசு பிடிக்கிறார்களாம்! ஜர்மோ அண்ணி மகளின் தலைத்துணியை அவிழ்த்து அவர்கள் முன்னால் காட்டி, "இதையும் எடை போட்டுச் சொல்லுங்கய்யா" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அதற்குப் பிறகு மங்னூவிடமிருந்து ஒரே ஒரு சேதிதான் வந்தது. பெரிய நீராட்டுக்கு ஏரிக்கரையில் இருப்பேன். ஒன்று மருமகளை அனுப்பு, இல்லை என் மகளைக் கொடு.

பிந்திரோ வயிற்றில் ஐந்து மாதம். அது மங்னூவுக்குத் தெரியாது.

ஹட்சருக்கு மேலே காட்டுக்குள் பாதை குறுகும். முன்னால் பிந்திரோ, அவள் பின்னால் சன்னோ, இரண்டு பேரும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் சுமையைப் பிடுங்கிக்கொண்டே வந்தார்கள்.

"குடு அண்ணி. வயித்துல வச்சிக்கிட்டு எதுக்கு இதையும் தூக்குற?"

"நீ தலையில தையல் வச்சிக்கிட்டுத் தூக்கலாமா?"

"அது ஆறிப்போச்சு. கேளு அண்ணி. நான் போயிடறேன். மேல போனதும் மாமா பின்னாடி நடந்துடறேன். நீ வீட்டுக்குப் போ."

பிந்திரோ நின்று திரும்பினாள். சிரிக்காமல் ஒரு வார்த்தை பேசத் தெரியாத பெண் அது. கழுதையோடுகூடப் பேசிச் சிரித்துக்கொண்டே வரும். அப்போது சிரிக்கவில்லை.

"என் அண்ணன் உன்னை அடிச்சப்ப நான் இங்க உங்கம்மா குடுத்த நெய்ச்சோறு தின்னுட்டிருந்தேன். அது எனக்கு இன்னும் செரிக்கல. மறுபடியும் உன்னை அங்க அனுப்பிட்டு நான் எப்படிச் சாப்பிடுவேன், சொல்லு?"

"அப்ப எங்கண்ணன்?"

பிந்திரோ சுமையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். முன்னால் நடந்தாள். பின்னால் வந்த ஜர்மோ அண்ணி, "ரெண்டு பேரும் வாயை மூடிட்டு மூச்சைச் சேத்து வைங்கடி, மேல காத்து பத்தாது" என்று கத்தினாள். அவளுக்கே மூச்சு வாங்கியது. எனக்குத் தெரியும், அது ஏற்றத்தால் வந்த மூச்சு இல்லை.

தன்ச்சோவில் சாயங்காலம் கூடாரம் அடித்தோம். அருவி விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருக்கிறவன் பேசினாலும் கேட்காது, கத்தித்தான் பேச வேண்டும். அதனால் ரகசியம் பேசுகிறவர்கள் யாரும் தன்ச்சோவில் தங்குவதில்லை என்று நாங்கள் கேலி செய்வோம். பிந்திரோ மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிக் கறுப்பு உளுந்து வேகவைத்தாள். ஈரவிறகு. ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்துபோயிற்று. சோள மாவைக் கையாலேயே தட்டித் தட்டிக் கல்லில் போட்டாள். முதல் ரொட்டி எனக்கு.

"சின்ன மாமா, சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க, கழுதைக்கு ஒண்ணு போடவா?"

"என்னைக் கேட்டா? அதுகிட்ட கேளு."

"கேட்டேன். மாமா மிச்சம் வச்சாத்தானேன்னு சொல்லுது."

எல்லோரும் சிரித்தோம். அண்ணிகூடச் சிரித்தாள். பிறகு பிந்திரோ ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொல்ல ஆரம்பித்தாள்.

"அத்தை, பெரிய ஜாடி நெய் பழசு, அதை முதல்ல எடுங்க. சின்ன ஜாடியில இருக்கிறது இந்த வருஷத்துது. வாதுமைப் பருப்பை மேல் பரண்ல மூங்கில் கூடையில வச்சிருக்கேன், எலி வருது, பாத்துக்கோங்க. அப்புறம் வெள்ளாடு ஒண்ணு, காது மடிஞ்சது, அது இடது பக்கம் உக்காந்தாத்தான் பால் குடுக்கும். வலது பக்கம் போனா உதைக்கும்."

ஜர்மோ அண்ணி கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

"என் வீட்ல எது எங்க இருக்குன்னு எனக்கே சொல்றியா நீ?"

"இல்ல அத்தை, நான் மாத்தி வச்சிட்டேன்ல..."

"எவ மாத்தி வைக்கச் சொன்னா? நாலு வருஷமா நானும் பாக்குறேன், உப்பைத் தேடினா பருப்பு வருது, பருப்பைத் தேடினா ஊசி வருது. ஒழுங்கா வாயை மூடிட்டு ரொட்டியச் சுடு."

அதட்டிவிட்டு, எழுந்து போய், கழுதை கட்டியிருந்த இடத்தில் நின்றுகொண்டாள். நான் பின்னால் போனேன். முதுகைத் திருப்பிக்கொண்டு கழுதையின் பிடரியில் இல்லாத ஒட்டுமுள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, என்ன செய்யப் போற?"

"தெரியல பக்தூ." அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அபூர்வம். "பெத்த மகளை அனுப்பினா அவன் மறுபடி அடிப்பான். வந்தவளை அனுப்பினா என் மகன் செத்துருவான், சாகாட்டியும் செத்த மாதிரிதான் இருப்பான். வயித்துப் புள்ளைய பெத்துக் குடுத்துட்டுப் போம்பாங்க, ஆட்டுக்குட்டி மாதிரி. மேல போயி அந்தச் சாமிகிட்ட என்னன்னு கேக்குறது?"

கழுதைக்குப் புல்லைப் போட்டேன்.

மறுநாள் சுந்தராசி தாண்டி ஏற்றம். கல்லும் பனியும், நடுவில் சின்னச் சின்ன ஊதாப் பூ. பத்தடி நடந்தால் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். எதிரில் இறங்கி வருகிறவர்கள் சிவன் பேரைச் சொல்லி, "போலேநாத், இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அந்தப் பொய்யை யாத்திரையில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்வோம். பெண்கள் குளிக்கிற கௌரி குண்டத்தில் அவர்கள் மூன்று பேரும் முழுக்குப் போட்டுவிட்டுப் பல் தந்தியடிக்க வந்தார்கள். உதடு நீலமாகியிருந்தது. அங்கிருந்து ஏரி கூப்பிடு தூரம்.

ஏரிக்கரையில் ஜனம் நிற்க இடமில்லை. சாமியாடிகள் ஏரியைக் குறுக்கே கடந்து முடித்திருந்தார்கள். "ஹர ஹர மகாதேவ்" என்று கத்திக்கொண்டு ஜனம் தண்ணீருக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. ஏரிக்கு மேலே எங்கள் கைலாச சிகரம் மேகத்துக்குள் இருந்தது. வெள்ளையாக ஒரு தோள் மட்டும் தெரிந்தது. எங்கள் சிவனும் எங்களைப் போலத்தான். ஆறு மாதம் மேலே, பனி விழுந்தால் ஆட்டுக்காரனோடு கீழே இறங்கிவிடுவார். ஆட்டுக்காரன் குடும்பத்துக் கஷ்டம் அவருக்கு ஒன்றும் புதுசில்லை.

லேரூ முன்னாலேயே வந்திருந்தான். பிந்திரோவைப் பார்த்ததும் தன் மேல்சட்டையைக் கழற்றி அவள் தோளில் போட்டான். அவன் வாயில் எப்போதுமே வார்த்தை கிடையாது, அதற்கும் சேர்த்துத்தான் அவள் பேசினாள்.

மங்னூ ஒரு பாறைமேல் உட்கார்ந்து கம்பளி நூல் நூற்றுக்கொண்டிருந்தார். இடுப்பில் எங்கள் ஆட்டுக்காரர்கள் கட்டுகிற கறுப்புக் கம்பளிக் கயிறு, இருபது சுற்று. தக்களி சுற்றிக்கொண்டே இருந்தது, கண் மட்டும் எங்கள் பக்கம். பின்னால் பூரண். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வாங்க சம்பந்தியம்மா. ஏற்றம் எப்படி இருந்துச்சு?"

"ஏற்றம் ஏற்றம் மாதிரிதான் இருந்துச்சு சம்பந்தி. உங்க வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"வீட்ல யாரு இருக்கா சௌக்கியமா இருக்க? பொம்பளை இல்லாத வீடு. எம்பொண்டாட்டியும் போய்ச் சேந்துட்டா, மருமகளும் உங்ககிட்ட வந்துட்டா. நாலு மாசமா ரெண்டு ஆம்பளைங்க கருகின ரொட்டியத் தின்னுட்டிருக்கோம். ஆட்டைக் கறக்க ஆளில்ல, தறியில நூல் பாதியில தொங்குது." தக்களியை நிறுத்தினார். "யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

"அப்பா," என்றாள் பிந்திரோ. "நான் வர்றேன்."

"மாமா, நான் வர்றேன்," என்றாள் சன்னோ, அதே மூச்சில்.

மங்னூ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் வந்தா நான் எங்க வச்சிக் காப்பாத்துறது?" என்று சிரித்தார்.

ஜர்மோ அண்ணி சொன்னாள்: "சம்பந்தி, உங்க மக மாசமா இருக்கா. அஞ்சு."

மங்னூவின் முகம் ஒரு நிமிடம் இளகியது. மகளின் வயிற்றைப் பார்த்தார். பிறகு சுற்றி நின்ற எங்கள் சனத்தைப் பார்த்தார். பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள், குக்டிக்காரர்கள் பாதி, எங்கள் ஊர்க்காரர்கள் பாதி. அவர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் முகம் பழையபடி ஆயிற்று.

"நல்ல சேதி. அங்கயே பெத்துக்கட்டும். புள்ளை உங்களுது, பனி விட்டதும் கொண்டாந்து விட்டுடறேன். நான் வாக்கு மாறுறவன் இல்ல. பெண்ணுக்குப் பெண். இதே தண்ணிய அள்ளிச் சொன்னோம்."

"உங்க மகன் கையை அடக்குவான்னு யாரும் தண்ணிய அள்ளிச் சொல்லலையே சம்பந்தி."

"அவன் பண்ணது தப்புதான். நான் இல்லேங்கல. ஏழு ஆடு சம்பந்தியம்மா. நாய் ஒண்ணு, மகன் மாதிரி வளத்தது. எவனுக்கா இருந்தாலும் கை ஓங்கும்."

"ஓங்குச்சு. நான் பாத்தேன், பதினோரு தையல்." அண்ணியின் குரல் ஏறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "உங்களுக்கு வேண்டியது என்ன? உங்க அடுப்புக்கு ஒரு பொம்பளை. ஆடு கறக்க, தறி ஓட்ட, ரொட்டி கருகாம சுட. எங்க வீட்லேருந்து ஒருத்தி உங்க வீட்ல இருக்கணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"நான் வர்றேன்."

மங்னூ தக்களியைக் கீழே போட்டுவிட்டார்.

"நீங்களா?"

"ஏன், எனக்கு ரொட்டி சுடத் தெரியாதா? மருமக பிள்ளைபெறத் தாய்வீடு போனா அவ அம்மாவே சம்பந்தி வீட்டுக்கு ஈடா வந்து ஆறு மாசம் அடுப்புப் பாத்தது நம்மள்ல நடக்காததா? கேளுங்க, இங்க பெரியவங்க நிக்கிறாங்க. உங்க மகனுக்கு வேற பொண்ணு அமையிற வரைக்கும் நான் ஈடு. என் மக என் வீட்ல இருப்பா. உங்க மக என் மகன்கிட்ட இருப்பா."

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குக்டிக்காரர் ஒருவர், "நடந்ததுண்டு" என்று முனகினார். மங்னூவுக்குக் காது சிவந்தது.

"ஊர் சிரிக்கும் சம்பந்தியம்மா! சம்பந்தியைக் கொண்டுவந்து ஆடு கறக்க வச்சான் மங்னூன்னு காறித் துப்பும்."

"சிரிக்கட்டும். என் பொண்ணு ரத்தத்தோட ஆறு கிராமம் நடந்து வந்தப்ப எவனும் துப்பலையே. இப்பவாவது துப்பட்டும்."

சன்னோ அவள் காலைக் கட்டிக்கொண்டாள். "அம்மா வேண்டாம்மா. நான் போறேம்மா. நான்தானே பட்டையக் கழட்டினேன்."

"எழுந்திருடி. நாய்க்கு வலிக்குதுன்னு கழட்டினே. உன்னை அப்படித்தான் வளத்தேன், அதுல எனக்கு வெக்கம் கிடையாது. தெரியாமக் குடுத்தேன் ஒரு தடவை. தெரிஞ்சும் அனுப்பினா, நானே உன்னை அடிச்ச மாதிரி."

அண்ணி பிந்திரோவின் அருகில் போனாள். தலையில் கைவைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். லேரூவின் சட்டைப் பொத்தானை அவள் கழுத்துவரை போட்டுவிட்டு, "சின்ன ஜாடி நெய்யை எடுத்துச் சாப்பிடு. பழசை இவனுக்குப் போடு" என்றாள். லேரூ அப்போதுதான் அழுதான். அவ்வளவு பெரிய ஆள், ஜனத்துக்கு நடுவில், சத்தமாக.

பிறகு அவள் ஏரியில் இறங்கி இரண்டு கையிலும் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்து மங்னூ முன்னால் நின்றாள். அவருக்கு வேறு வழியில்லை. கையை நீட்டினார். தண்ணீரை வாங்கிக்கொண்டார்.

குக்டிக்குப் போகிற கணவாய் ஏரிக்கு அந்தப் பக்கம் செங்குத்தாக ஏறும். மேகம் இறங்குவதற்குள் தாண்டியாக வேண்டும். மாற்றுத்துணிகூட இல்லாமல் கிளம்பியவளுக்கு என் கம்பளியைக் கொடுத்தேன். மாவு மூட்டையையும் இறக்கி வைத்தேன். அவள் மூட்டையைப் பார்த்தாள், பூரணைப் பார்த்தாள்.

"என்ன மாப்பிள்ளை, வேடிக்கை பாக்குறீங்க? தூக்குங்க."

பூரண் தூக்கினான். என்னிடம் திரும்பி, "கழுதைக்கு லாடம் தேஞ்சிருக்கு. உன் கண்ணுக்கு அதெல்லாம் எங்க தெரியப்போகுது" என்று சொல்லிவிட்டு நடந்தாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வைதேன் அவளை, மனசுக்குள், கண்ணுக்கு மறைகிறவரை.

தை மாதம், இடுப்பளவு பனியில், பிந்திரோவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சேதி சொல்ல வழியில்லை. ஆற்றோரப் பாதை திறந்து, ஆண்கள் காங்கடாவிலிருந்து மந்தையோடு திரும்பிய பிறகுதான் கழுதையை ஓட்டிக்கொண்டு குக்டிக்குப் போனேன். அண்ணி முற்றத்தில் தறியில் இருந்தாள். இளைத்திருந்தாள். மங்னூ ஒரு ஓரமாக அடக்கவொடுக்கமாக உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார். பூரண் ஊற்றிலிருந்து தண்ணீர்க்குடம் சுமந்து வந்தான். குக்டியில் ஆண்பிள்ளை தண்ணீர் சுமந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"பொண்ணு அண்ணி. உன்னை மாதிரியே மூக்கு. கத்தல் அதைவிட உன்னை மாதிரி."

அவள் தறியை நிறுத்தவில்லை. "பிந்திரோ நல்லாயிருக்காளா? பால் இருக்கா? சன்னோ?" என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"எப்ப அண்ணி வருவ? இவனுக்குப் பொண்ணு பாக்கலையா இன்னும்?"

"ரெண்டு இடம் வந்துச்சு. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"ஏன்?"

அவள் பூரண் போன திசையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "முந்தாநாள் ஆடு வழி மாறிச்சுன்னு தடியால அடிச்சான் பக்தூ. கால் வீங்கிப்போச்சு அதுக்கு. இன்னும் அந்தக் கை அப்படியேதான் இருக்கு. இந்த வீட்டுக்கு இன்னொருத்தி பெத்த பொண்ணை நான் எந்த வாயால கூப்பிடுவேன்? அது அடங்கட்டும். அன்னைக்கு நானே போய்ப் பொண்ணு கேட்டு, முடிச்சு வச்சிட்டு வர்றேன்."

அந்தக் கை அடங்க மூன்று வருடம் ஆயிற்று. இடையில் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போ என்று எவ்வளவோ சொன்னேன். ஈடாக நின்றவள் நடுவில் வீடு திரும்பினால் வாக்கு முறிந்ததாகிவிடும், மறுபடி பிந்திரோவைக் கேட்பார்கள் என்று மறுத்துவிட்டாள். பூரணுக்கு இரண்டாவது கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் நான் போய்க் கழுதைமேல் ஏற்றிக் கூட்டிவந்தேன். வழியெல்லாம் கழுதையைத் திட்டிக்கொண்டே வந்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வாசலில் பிந்திரோவும் சன்னோவும் ஓடி வந்தார்கள். குழந்தை பின்னாலேயே வந்தது. கழுதைமேல் இருந்த ஆளைப் பார்த்ததும் பயந்து, என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டது.

"தாத்தா, இது யாரு?"

ஜர்மோ அண்ணி கழுதையை விட்டு இறங்காமலே அழுதாள்.